மாங்கா பரிந்துரைக் குழு

மைய நூலகத்தின் தரைத்தளத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் இடத்தில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருந்த பெண்மணியை எல்லோரும் கவுன்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அறுபது வயது தாண்டியவர்களும் அக்கா என்றார்கள். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலைத் தவிர யாரும் உபயோகிக்கவில்லை.

ஒருநாள், ஊரைவிட்டே போகிற யாரோ ஒருவர் மூன்று அட்டைப்பெட்டி நிறைய ஜப்பானிய மாங்கா புத்தகங்களையும், ஒரு பை நிறைய அனிமே டிஸ்க்குகளையும் நூலகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார். அவற்றுக்குப் பார்கோடு ஒட்டும் வேலை அக்காவின் தலையில் விழுந்தது. ஒட்டுவதற்காகப் பிரித்தவர், பிரித்த இடத்தில் ஒரு படம் பார்த்தார். படத்தில் ஒரு பெண் மழையில் நனைந்துகொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். ஏன் திட்டுகிறாள் என்று தெரிந்துகொள்ள முன்பக்கம் போனார். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் மாங்கா நேரமாயிற்று. எட்டு மாதத்தில் நூற்று நாற்பது புத்தகங்களையும் முடித்துவிட்டார். டிஸ்க்குகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துணி மடித்துக்கொண்டே பார்த்தார்.

அதற்கப்புறம் கவுன்டருக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே அவருக்கு ஏதாவது ஒன்று ஞாபகம் வந்தது. பரீட்சை முடிந்து பொழுது போகாமல் வந்த கல்லூரிப் பெண்ணுக்கு, மனிதர்களின் நிழல்கள் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்து சேரும் ஊரைப் பற்றிய திகில் தொடரைக் கொடுத்தார். அவள் மறுநாளே இரண்டாம் தொகுதி கேட்டு ஓடி வந்தாள். வேலை போய், வீட்டில் சொல்லாமல் தினமும் நூலகத்தில் வந்து உட்கார்ந்திருந்த ஒருவருக்கு, ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்களைப் பாதுகாக்கும் குமாஸ்தாவின் கதையைக் கொடுத்தார். அதில் பெரிதாக ஒன்றும் நடக்காது. யாராவது ஒருவர் வருவார், தன் குடையைத் திரும்ப வாங்கிக்கொள்வார். அந்த மனிதர் ஆறு தொகுதியையும் படித்துவிட்டு, ஏழாம் நாள் வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டதாக வந்து சொன்னார். சண்டைக் கதை கேட்டவர்களுக்கு, உயரம் என்றால் நடுங்கும் ராட்சத ரோபோவையும் அதற்குத் தைரியம் சொல்லும் மெக்கானிக்கையும் கைகாட்டினார். குழந்தை தூங்கவிடாமல் படுத்துகிறது என்ற தாய்க்கு, பேச்சு குறைவாகவும் மழை அதிகமாகவும் இருக்கும் ஓர் அனிமே டிஸ்க்கைக் கொடுத்தார். தாயும் தூங்கிப்போனாள்.

இரண்டே மாதத்தில் மாங்கா அலமாரி காலியாயிற்று. வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

காலாண்டுப் புள்ளிவிவரத்தில் ஒரு கோடு மட்டும் திடீரென்று மேலே ஏறியிருந்தது. நூலகத்தில் எந்தக் கோடும் அப்படி ஏறிய வழக்கமில்லை. இயக்குநர் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்மா, ஒரு சுற்றறிக்கைகூட அனுப்பாம ஒரு அலமாரி எப்படிம்மா காலியாகும்?"

"படிக்க எடுத்துட்டுப் போனாங்க சார்."

"யார் சொல்லி?"

"நான் சொல்லி சார்."

"நீங்க யார் சொல்லி சொன்னீங்க?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கெட்டவர் இல்லை அவர். முப்பது வருஷ சர்வீஸில் யாரையும் கடிந்து பேசியதில்லை, எதையும் முடிவு செய்ததுமில்லை.

"பாருங்கம்மா, ஒருத்தருக்கு ஒரு புத்தகத்தை நல்லா இருக்கும்னு சொல்றது சாதாரண விஷயமில்ல. நாளைக்கு நல்லா இல்லைன்னு அவர் வந்து நின்னா பொறுப்பு யாரு? நீங்களா? நானா? அதனால ஒரு குழு போடுவோம். குழுன்னா யாரும் பொறுப்பில்ல பாருங்க."

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. டைப் அடித்தவருக்கு இரண்டு சொல்லுமே புதிது. "எனிமா மற்றும் மாங்காய் தொடர்பாக ஊழியர்கள் வாசகர்களுக்கு வாய்மொழிப் பரிந்துரை செய்வது மறு உத்தரவு வரை தடை செய்யப்படுகிறது. மீறுவோர்க்கு மெமோ வழங்கப்படும்" என்று இருந்தது. சுற்றறிக்கையைத் திருத்தி எழுத அதிகாரம் யாருக்கு என்று தெரியாததால், புத்தகங்களைச் சுற்றறிக்கைக்குத் தகுந்தபடி மாற்றினார்கள். பதினோரு நாள் மாங்கா எல்லாம் தோட்டக்கலை அலமாரியிலும், அனிமே டிஸ்க்குகள் மருத்துவப் பிரிவிலும் இருந்தன. மாமரத்துக்கு உரம் வைப்பது பற்றிப் படிக்க வந்த பெரியவர் ஒருவர் நிழல் கதையை எடுத்துக்கொண்டு போய், இரண்டு மாதம் கழித்துத்தான் திருப்பித் தந்தார்.

அந்தப் பதினோரு நாளுக்குள் ஒரு வியாழக்கிழமைதான் பஸ் டிரைவர் வந்தார். அகலமான தோள், வெயிலில் ஒரு பக்கம் மட்டும் கறுத்த கை. நூலகத்துக்குள் நுழைந்து பழக்கமில்லாதவர் என்பது, அவர் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் தயங்கியதிலேயே தெரிந்தது.

"மேடம், இந்த ஜப்பான் படக்கதை புக்கு இங்க இருக்குன்னாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. எதுல ஆரம்பிக்கணும்னு சொன்னீங்கன்னா..."

"உங்களுக்கா சார்?"

"எனக்குத்தான். ஆனா எனக்கில்ல." கொஞ்ச நேரம் கவுன்டரின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். "எனக்கு ஒரே பொண்ணு, பதினஞ்சு வயசு. அம்மா இல்லாத பொண்ணு. இந்த புக்குதான் அவளுக்கு உலகம். போன தடவ வீடு மாத்தினப்போ, ரெண்டு மூட்டை இருந்துச்சு, பழைய பேப்பர்னு நினைச்சு நான் பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டேன் மேடம். அன்னிலேருந்து அவ என்கூடப் பேசறதில்ல. ஆமா, இல்ல, சாப்பிட்டேன். இந்த மூணுதான். ஆறு மாசமாச்சு. அதுல அப்படி என்னதான் இருக்குன்னு நானும் படிச்சுப் பார்த்தா, ஏதாவது பேச்சுக் குடுக்கலாமேன்னு..."

அக்காவுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. ஒரே தொகுதியில் முடிகிற தடிமனான புத்தகம், டேபிள் டென்னிஸ் ஆடும் இரண்டு பெண்களின் கதை. வாயைத் திறந்தார். திறந்த வாய்க்கு நேரெதிரே, தூணில், சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் வகைப்பாட்டு அதிகாரி நின்று பசை காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுங்க சார்," என்றார் அக்கா. "மூணு பிரதி."

அந்த வார்த்தையைச் சொன்ன வாயை அவருக்கே பிடிக்கவில்லை.

குழு கூடியது. தலைவர் இயக்குநர். உறுப்பினர்கள் வகைப்பாட்டு அதிகாரியும் பைண்டிங் பிரிவு மேற்பார்வையாளரும். ஜப்பான் விஷய நிபுணராக, ஓய்வுபெற்ற மண்ணியல் பேராசிரியர் ஒருவரை அழைத்திருந்தார்கள். அவர் நிலநடுக்கம் பற்றிய மாநாட்டுக்காக நான்கு நாள் ஜப்பான் போயிருக்கிறார். கவுன்டர் அக்காவைத் தகவல் தருபவராகச் சேர்த்திருந்தார்கள். யாராவது கேட்டால் மட்டும் அவர் பேசலாம்.

இயக்குநர் தொடக்க உரை நிகழ்த்தினார்.

"நான் இதுவரைக்கும் ஒரு மாங்கா படிச்சதில்ல, ஒரு அனிமே பார்த்ததில்ல. இதை ஒளிவுமறைவில்லாம சொல்றேன். அதனாலதான் நான் தலைவரா இருக்கத் தகுதியானவன். படிச்சவங்களுக்கு அது மேல ஒரு பிரியம் வந்துடும். பிரியம் வந்துட்டா நடுநிலை போயிடும். நம்ம குழுவோட பலமே நமக்கு எதுவும் தெரியாதுங்கிறதுதான்."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். நூற்று நாற்பதையும் படித்துத் தொலைத்த குற்றத்தில் அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

முதல் மூன்று கூட்டங்கள், மாங்கா படிக்கிற பொருளா பார்க்கிற பொருளா என்பதிலேயே கழிந்தன. படிக்கிறதென்றால் நூல் பிரிவு, பார்க்கிறதென்றால் ஒலி ஒளிப் பிரிவு. இரண்டு பிரிவுமே எங்களுக்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்திருந்தன. மண்ணியல் பேராசிரியர் ஜப்பானில் தரை எப்படி ஆடும் என்று விளக்கினார். கடைசியில் "பார்த்துப் படிக்கப்படும் பொருள்" என்று ஒரு புதுப் பிரிவை உண்டாக்கி, அதற்கு ஓர் அறை ஒதுக்கி, அறைக்குப் பூட்டு வாங்கும்வரை புத்தகங்களை அங்கே வைக்கக்கூடாது என்று தீர்மானித்தார்கள்.

நான்காவது கூட்டத்தில் அனிமே திரையிட்டார்கள். ஒலிபெருக்கி ரிப்பேருக்குப் போயிருந்தது. மூன்று மணிநேரம் சத்தமில்லாமல் பார்த்துவிட்டு, "வசனங்களில் ஆட்சேபத்துக்குரியது எதுவும் இல்லை" என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அன்று அக்கா வீட்டுக்கு வந்து, காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"என்ன, முகமெல்லாம் இப்படி வாடிக் கிடக்கு?" என்று கேட்டார் கணவர்.

"மீட்டிங்."

"என்ன பேசினீங்க?"

"அடுத்த மீட்டிங்ல என்ன பேசலாம்னு."

டிரைவர் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்தார். அவருக்கு வார விடுமுறை அன்றுதான். நான்காவது வியாழக்கிழமை அவருடைய விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. "விரும்பும் வகை" என்ற கட்டத்தில் அவர் "மகள்" என்று எழுதியிருந்தார். அதைச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள்.

அக்கா அதை எடுத்துக்கொண்டு வகைப்பாட்டு அதிகாரியிடம் போனார்.

"சார், இவருக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். அஞ்சு நிமிஷ வேலை."

"அதுதான் பிரச்சினையே," என்றார் அதிகாரி. "அஞ்சு நிமிஷத்துல முடியற வேலைக்கு எதுக்கு ஒரு டிபார்ட்மென்ட் வெச்சிருக்கோம்னு நாளைக்கு யாராவது கேட்டுடுவாங்க. தவிர, மகள்னு ஒரு வகையே கிடையாதும்மா. திகில் இருக்கு, விளையாட்டு இருக்கு, காதல் இருக்கு. இதுல எதுல மகள் வர்றாங்கன்னு அவரையே டிக் பண்ணச் சொல்லுங்க."

டிரைவர் வெகுநேரம் யோசித்துவிட்டுத் திகில் என்பதில் டிக் அடித்தார்.

வகை பிரிக்கும் வேலை இரண்டு மாதம் நடந்தது. ஒரு புத்தகத்துக்கு ஒரு வகை, ஒரு வகைக்கு ஒரு நிற ஸ்டிக்கர். ரோபோ கதை பொறியியல் ஆயிற்று. பேய் வருவதெல்லாம் சமயம். நகைச்சுவை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டுமானால் உறுப்பினர்களில் இருவராவது சிரித்திருக்க வேண்டும் என்று விதி. வகைப்பாட்டு அதிகாரி ஒரு நகைச்சுவைத் தொடரை நாற்பது நிமிஷம் உரக்கப் படித்தார், படங்களை வாயால் விவரித்தபடி. ஒருவரும் சிரிக்கவில்லை. அது சமூகப் பிரச்சினை ஆயிற்று.

டேபிள் டென்னிஸ் கதைக்கு வந்தார்கள்.

"இது விளையாட்டுதானே?"

"விளையாட்டுதான் சார்," என்றார் அக்கா. "ஆனா அதைவிட, பேசவே தெரியாத ரெண்டு பேர் பேசக் கத்துக்கறது."

"அப்போ மொழிப் பயிற்சி," என்று எழுதிக்கொண்டார் அதிகாரி.

எட்டாவது கூட்டத்தில் பைண்டிங் மேற்பார்வையாளர் எழுந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர். நூற்று நாற்பது புத்தகத்தையும் தன் கையால் பரிசோதித்ததாகவும், நூற்று நாற்பதுமே குறைபாடுள்ளவை என்றும் சொன்னார்.

"எல்லாத்துலயும் முன்அட்டை பின்னால இருக்கு சார். ஒண்ணு ரெண்டுன்னா விட்டுடலாம். இது மொத்தமும்."

யாரும் கேட்காமலே அக்கா பேசிவிட்டார். "சார், அது அப்படித்தான் சார். மொழிபெயர்த்தாலும் அவங்க வழக்கப்படி வலப்பக்கத்துலேருந்துதான் படிக்கணும். அட்டை சரியாத்தான் இருக்கு."

இயக்குநர் புன்னகைத்தார். "ஜப்பான்ல இருக்கறவரைக்கும் சரிதான்மா. இப்ப அது நம்ம அலமாரியில இல்ல இருக்கு?"

மூன்றே வாரத்தில் வேலை முடிந்தது. அந்தக் குழு முடித்த ஒரே வேலை அதுதான். பக்கங்கள் இருந்தபடியே இருக்க, முன்அட்டையையும் பின்அட்டையையும் பிய்த்து இடம் மாற்றி ஒட்டினார்கள். அதனால் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் முடிவு வந்தது. "நில்லுங்கள், இது கடைசிப் பக்கம், மறுபக்கம் திருப்பித் தொடங்குங்கள்" என்று பதிப்பாளர் அச்சிட்டிருந்த எச்சரிக்கை இப்போது முதல் பக்கத்தில் வந்து நின்றது. அது வாசகரைக் குழப்பும் என்று அதன்மேல் நூலக முத்திரைத் தாளை ஒட்டினார்கள்.

டிரைவருக்குப் பொறுமை போயிற்று. ஐந்தாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, பூட்டு வாங்கி முடித்துத் திறந்த அந்தப் புது அறைக்குள் தானே போய், கைக்கு வந்த புத்தகத்தை எடுத்துவந்து கவுன்டரில் வைத்தார். அது அந்த டேபிள் டென்னிஸ் புத்தகமாக இருந்தது. அக்கா ஒரு வினாடி கண்ணை மூடிக்கொண்டார். எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று சொல்வது பரிந்துரையில் சேருமா? தூணைப் பார்த்தார். அதிகாரியும் தூண் ஓரமாகத்தான் நின்றிருந்தார். சீல் குத்திக் கொடுத்தார்.

அன்று முழுக்க அவருக்குத் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை டிரைவர் வந்தார். முகம் வேறு மாதிரி இருந்தது. நல்லதா கெட்டதா என்று அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"படிச்சேன் மேடம். மனசே விட்டுப்போச்சு. எடுத்த எடுப்புல ரெண்டு பொண்ணுங்களும் கோப்பையை வெச்சுக்கிட்டு, கட்டிப்பிடிச்சு அழுவறாங்க. சரி, சந்தோஷமான கதைன்னு நினைச்சேன். போகப்போக பேச்சு குறையுது. சிரிப்பு குறையுது. சண்டை போடறாங்க. அப்புறம் சண்டைகூட இல்ல. கடைசிப் பக்கத்துல ஒரே பெஞ்சுல ஆளுக்கொரு ஓரமா உட்கார்ந்திருக்காங்க மேடம். ஒருத்தி பேரு இன்னொருத்திக்குத் தெரியல."

அக்கா கையிலிருந்த சீலைக் கீழே வைத்தார்.

"சமையல்கட்டுல உட்கார்ந்துதான் படிச்சேன். பொண்ணு தண்ணி குடிக்க வந்தா. என்னால தாங்க முடியல. 'உன் புக்கு ஒண்ணைப் படிச்சேம்மா, இது நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கு. உன் மூட்டையைப் போட்டது தப்புதான், என்னை மன்னிச்சிடு'ன்னேன். அவ புக்கை வாங்கிப் பார்த்தா. என்னைப் பார்த்தா. 'அப்பா, நீங்க முடிவுலேருந்து ஆரம்பிச்சிருக்கீங்க'ன்னா." டிரைவர் கர்ச்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பதினோரு மாசத்துல அவ பேசின முதல் முழு வாக்கியம் மேடம் அது. அப்புறம் சிரிச்சா பாருங்க, தரையில உட்கார்ந்து சிரிச்சா. சிரிச்சு முடிச்சு அழுதா. அப்புறம் பக்கத்துல உட்கார்ந்து, புக்கைத் திருப்பி வெச்சு, இங்கேருந்து படிங்கன்னு விரலை வெச்சுக் காட்டினா. சேர்ந்து படிச்சோம். இப்ப அவங்களுக்கு ஒருத்தர் பேர் ஒருத்தருக்குத் தெரிஞ்சுடுச்சு."

மேற்பார்வைக்காக அந்த நேரம் பார்த்துக் கீழே இறங்கி வந்திருந்த இயக்குநரும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. உடனே மேலே போய் அறிக்கை எழுதினார். "பக்க வரிசை மறுசீரமைப்பின் விளைவாக ஒரு குடும்பம் ஒன்றுசேர்ந்தது" என்பது அதன் முதல் வரி.

ஏழாம் மாத முடிவில் பரிந்துரைப் பட்டியல் வெளியீட்டு விழா நடந்தது. வாசிப்புக் கூடத்தில் நாற்காலி போட்டு, மேடை அமைத்து, மைக் வைத்திருந்தார்கள். பயனாளிகளாக டிரைவரையும் மகளையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். டிரைவர் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மகள் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அக்கா ஓரத்தில், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் மேஜைக்குப் பின்னால் நின்றார். கால் வீங்கியிருந்தது.

இயக்குநர் பேசினார்.

"இந்த ஏழு மாசத்துல, இருபத்தி மூணு கூட்டங்கள் நடத்தியிருக்கோம். பெருமையோட சொல்றேன், ஒரு வாசகருக்குக்கூட நாம தப்பான புத்தகத்தைப் பரிந்துரைக்கல. ஏன்னா ஒரு வாசகருக்கும் எந்தப் புத்தகத்தையும் பரிந்துரைக்கல. இந்தக் கட்டுப்பாடு வேற எந்த நூலகத்துக்கும் வராது."

கைதட்டல் கேட்டது. பைண்டிங் மேற்பார்வையாளருக்குக் கேடயம் கொடுத்தார்கள். பிறகு பட்டியலின் முதல் பிரதியை மகளிடம் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள்.

அவள் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வழவழப்பான தாள், எட்டுப் பக்கம். "பச்சை: தகுந்தவை. மஞ்சள்: தகுந்தவர்களுக்குத் தகுந்தவை. நீலம்: பரிசீலனையில்." இப்படியே போயிற்று.

"சார், இதுல புக்கு பேரு எதுவுமே இல்லையே," என்றாள் மைக்கில். கூடம் முழுக்கக் கேட்டது.

"பேரைப் போட்டா, அதைச் சொல்லி இதை ஏன் சொல்லலன்னு கேப்பாங்கம்மா," என்றார் இயக்குநர் கனிவாக. "நீ நிறத்தைப் பார்த்துக்க."

"நானும் அப்பாவும் அந்த டேபிள் டென்னிஸ் கதையை முடிச்சுட்டோம். அவருக்குப் புரியற மாதிரி அடுத்து என்ன படிக்கலாம்? அதுமட்டும் சொல்லுங்க சார்."

இயக்குநர் வகைப்பாட்டு அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் தரையைப் பார்த்தார். டிரைவர் திரும்பி, தண்ணீர் மேஜையைப் பார்த்தார். மகளும் பார்த்தாள்.

கவுன்டர் அக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். பத்தொன்பது வருஷ சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்காதவர். ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருந்தது. பெருமூச்சு விட்டார். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்கான தெம்புகூட இல்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக நடந்து மேடைக்குப் போய், இயக்குநர் முன்னால் கையை நீட்டினார்.

"மெமோவை முதல்ல குடுத்துடுங்க சார். கையெழுத்துப் போட்டுடறேன்."

"எதுக்கும்மா?"

"நான் பேச ஆரம்பிச்சா முடிக்க நேரமாகும். அப்புறம் உங்களுக்கு ஆபீஸ் டைம் முடிஞ்சுடும்."

பிறகு அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்க அப்பாவுக்கு உயரம்னா பயமா கண்ணு?" என்று ஆரம்பித்தார்.